2147483647: காசு ஏறாத இடத்தில் ஒரு பகா எண்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிங்கப்பூர் யீஷூனில் அக்கா வீட்டுச் சாப்பாடு. மீன் குழம்பு செய்த வேலையில் கண் அசரப் போன நேரம், அக்கா மகன் கைப்பேசியை மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, காசு ஏற மாட்டேங்குது. எத்தனை பேய வெட்டினாலும் இதே நம்பர்லயே நிக்குது."

உயர்நிலை ஒன்று படிக்கிறான். ஏதோ பழைய விளையாட்டு. பேயை வெட்டினால் பொற்காசு கொட்டும். எங்கோ கிடைத்த குறுக்குவழியில் பையை நிரப்பிக்கொண்டே போயிருக்கிறான். பையில் இருந்த தொகை 2147483647.

"எவ்வளவுடா அது?" என்றார் அம்மா. அவரிடம் மில்லியன், பில்லியன் கணக்கெல்லாம் எடுபடாது. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்றேன். "அவ்வளவு காச வச்சுக்கிட்டு இன்னும் என்னத்துக்கு வெட்டுறான்?" என்று கேட்டுவிட்டுச் சீரியலுக்குத் திரும்பிவிட்டார்.

காசு ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்வது சுலபம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்தில் வரிசையாக 32 விளக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எரியும், அல்லது அணைந்திருக்கும். கணினி ஓர் எண்ணை எழுதிவைப்பது இப்படித்தான். முதல் விளக்கை எண் கூட்டலா கழித்தலா என்று காட்ட எடுத்துக்கொண்டால் மிச்சம் 31. வலது கோடியில் இருப்பதன் மதிப்பு 1, அடுத்தது 2, அடுத்தது 4, இப்படி இரட்டிப்பாகிக்கொண்டே போகும். 31 விளக்கும் எரிந்தால் மொத்தம் 2³¹ − 1. அதாவது 2147483647. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் 31 விளக்கும் அணைந்து முதல் விளக்கு மட்டும் எரியும். கணினி அதை மைனஸ் 2147483648 என்று படிக்கும். அந்தக் கூத்து நடக்காமலிருக்க, விளையாட்டை எழுதியவர் காசை உச்சத்திலேயே நிறுத்திவிட்டார். நல்ல மனிதர். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி யாரும் யோசிக்கவில்லை. ஒரு நாள் காலை வரிசை எண்ணெல்லாம் மைனஸில் ஓட, மத்தியானம் வரை அத்தனை பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். 2014இல் யூடியூப்பில் ஒரு கொரியப் பாட்டை இந்த எண்ணைவிட அதிக முறை பார்த்துவிட்டார்கள். அதற்காக அங்கே எண்ணியை 64 விளக்குக்கு மாற்றினார்கள்.

கதை அதோடு முடிந்திருக்கும். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இது ஒரு பகா எண், தெரியுமா?" என்றேன்.

"பகா எண்ணுன்னா?"

இங்கே கணக்குப் பாடம் ஆங்கிலத்தில்தான். பிரைம் நம்பர் என்றால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பகா எண் என்றால் முழிப்பார்கள். எனக்கென்னவோ தமிழ்ச் சொல்லே விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுவதாகத் தோன்றும். பகு என்றால் பிரி. நன்னூலில் பவணந்தி முனிவர் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று இரண்டாகப் பிரிப்பார். 'நடந்தான்' என்பதைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று உடைக்கலாம், அது பகுபதம். 'நீர்' என்பதை உடைத்தால் கையில் ஒன்றும் நிற்காது; அது பகாப்பதம். எண்களிலும் அதேதான். 15ஐ 3 × 5 என்று உடைக்கலாம், அது பகு எண். 17ஐ அதைவிடச் சிறிய எண்களின் பெருக்கலாக உடைக்க வழியில்லை, அது பகா எண். 1ஐ இரண்டு கட்சியிலும் சேர்ப்பதில்லை.

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க, சிறிய எண்களால் வகுத்துப் பார்ப்பதுதான் பாட்டன் காலத்து வழி. தேக்காவில் நின்று போகும் 67ஆம் எண் பேருந்தை எடுத்துக்கொள்வோம். 2, 3, 5, 7 நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்றாலும் மீதியின்றி வகுபடாது, ஆகவே பகா எண். 11ஐ ஏன் விட்டோம்? 67 இரண்டு எண்களின் பெருக்கல் என்றால், அவற்றில் ஒன்றாவது 67இன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 8 சொச்சத்துக்குள் இருந்தாக வேண்டும். இரண்டுமே அதைவிடப் பெரிது என்றால் பெருக்கல் 67ஐத் தாண்டிவிடும். அதே வழியில் போகும் 147 அவ்வளவு கெட்டியில்லை: 3 × 7 × 7.

இதே வழியில் 2147483647ஐச் சோதிக்கப் போனால் அதன் வர்க்கமூலம் 46340 சொச்சம். அதற்குள் இருக்கும் பகா எண்கள் 4792. பத்து இலக்க எண்ணை ஒவ்வொன்றாலும் பேப்பரில் வகுக்க வேண்டும். நாளைக்கு 50 என்று ராப்பகலாகப் போட்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், நடுவில் எங்கும் தப்புப் போடாமல் இருந்தால். ஆனால் 1772இல், கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்ட 65 வயதுக்காரர் ஒருவர் இது பகா எண் என்று நிறுவிவிட்டார். லியோன்ஹார்ட் ஆய்லர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். மூன்று மாத வேலையை அவர் எப்படிச் சுருக்கினார் என்பதுதான் எனக்கு இந்த எண்ணில் பிடித்த பகுதி. அதற்குப் போகும் முன் பகா எண்ணின் ஒரு பிடிவாதத்தைப் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் சிங்கப்பூர் அடையாள அட்டையை எடுங்கள். ஏழு இலக்கங்களுக்குப் பின் ஓர் எழுத்து இருக்கும். அது அதிர்ஷ்ட எழுத்து ஒன்றும் இல்லை. ஏழு இலக்கங்களையும் வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதியிலிருந்து பிறப்பது அது. எஸ் என்று தொடங்கும் எண்ணில் இலக்கங்கள் 1234567 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 2 + 14 + 18 + 20 + 20 + 18 + 14 = 106. 11ஆல் வகுத்தால் மீதி 7. ஏழுக்கு உரிய எழுத்து டி. முகப்பில் இருப்பவர் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டால் எழுத்து ஒத்துவராது, கணினி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் 10 வைக்காமல் 11? தட்டியவர் ஓர் இலக்கத்தை 5 கூட்டிவிட்டார், அந்த இடத்தின் பெருக்கி 2 என்று வைப்போம். கூட்டுத்தொகை 10 மாறும். 10ஆல் வகுத்து மீதி பார்த்திருந்தால் அந்த மாற்றம் கண்ணிலேயே பட்டிருக்காது, தவறு தப்பித்துவிடும். 11இடம் அந்தப் பாச்சா பலிக்காது. இரண்டு எண்களின் பெருக்கல் 11ஆல் வகுபட வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றாவது தனியாகவே 11ஆல் வகுபட வேண்டும். இலக்கத்தின் வித்தியாசம் 9க்குள், பெருக்கி 7க்குள். இரண்டுமே 11ஐவிடச் சின்னது. ஆகவே தனி இலக்கத்தில் நடக்கும் எந்தத் தவறும் மாட்டிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினாலும் அதே காரணத்தால் மாட்டிக்கொள்ளும். பகு எண் பாதியை இவரிடமும் பாதியை அவரிடமும் வாங்கிக்கொள்ளும். பகா எண்ணுக்கு முழுசாக ஒரே கையிலிருந்து வர வேண்டும். பெரிய பகா எண்ணானாலும் குணம் இதுவேதான்.

இனி 31 விளக்குக்கு வருவோம். எல்லா விளக்கும் எரியும் எண்கள் எல்லாமே பகா எண்களா? இல்லை. ஆறு விளக்கு எரிந்தால் 63. ஆறை மூன்று மூன்றாக இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். அதனால் மூன்று விளக்கின் மதிப்பான 7, 63ஐ மீதியில்லாமல் வகுக்கும். சாதாரண எண்ணிலேயே இது தெரியும்: 111111 = 111 × 1001. ஆகவே விளக்குகளின் எண்ணிக்கை பகு எண் என்றால் மொத்த மதிப்பும் பகு எண்ணாகத்தான் இருக்கும். எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால்தான் வாய்ப்பே உண்டு.

வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். இங்கே வழுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர். 2, 3, 5, 7 விளக்குகளுக்கு 3, 7, 31, 127 என்று வரிசையாகப் பகா எண்களே வரும். அடுத்த 11 விளக்குக்கு 2047. பார்க்க அப்பாவி போலிருக்கும், ஆனால் 23 × 89. இந்த வகை எண்களுக்குப் பெயர் தந்தவர் மாரன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. எத்தனை விளக்குக்குப் பகா எண் வரும் என்று 1644இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 31 இருந்தது, சரி. 67உம் இருந்தது, அது தப்பு. தேக்கா பேருந்தின் அதே 67. 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று 1876இல் எடுவார் லூக்கா நிறுவினார், ஆனால் காரணிகளைக் கண்டுபிடிக்காமலே. உடைக்க முடியும் என்று தெரியும், எங்கே உடைகிறது என்று தெரியாது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து போய், வாயே திறக்காமல் ஒரு பக்கம் 2⁶⁷ − 1ஐ விரித்து எழுதினார். மறுபக்கம் 193707721 × 761838257287 என்று போட்டு, பெருக்கிக் காட்டினார். இரண்டும் 147573952589676412927. வந்து உட்கார்ந்துவிட்டாராம், கைதட்டல் அடங்கவில்லையாம். எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டதற்கு 'மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்' என்றார் என்பார்கள்.

ஆய்லருக்கு அத்தனை ஞாயிற்றுக்கிழமை தேவைப்படவில்லை. அவர் கேட்ட கேள்வியே வேறு. 2³¹ − 1க்கு ஒரு காரணி இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காரணி எப்படிப்பட்ட எண்ணாக இருக்க வேண்டும்?

சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். 2047இன் காரணி 23. 1இல் தொடங்கி இரண்டிரண்டாகப் பெருக்குவோம். 23ஐத் தாண்டினால் 23ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 8, 16, அடுத்து 32க்குப் பதில் 9, பிறகு 18, 13, 3, 6, 12, அடுத்து மறுபடி 1. மொத்தம் 11 எண்கள் ஒரு வட்டமாக வந்துவிட்டன. இந்த வட்டத்தில் இடம் கிடைக்காத எண்களில் ஒன்றான 5இல் தொடங்கினால் 5, 10, 20, 17, 11, 22, 21, 19, 15, 7, 14, மறுபடி 5. இதுவும் 11.

இதைக் கல்யாணப் பந்தி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 22 வரை விருந்தாளிகள். ஒரு பந்திக்கு 11 பேர். இரண்டு பந்தி, ஓர் இலைகூட மிச்சமில்லை. இது தற்செயல் இல்லை. 23 என்பது 2¹¹ − 1ஐ வகுக்கிறது, ஆகவே 11 முறை இரட்டித்தால் 1க்குத் திரும்பியே ஆக வேண்டும். அதற்குள் சீக்கிரமாகவே திரும்பிவிடக் கூடாதா என்றால், அப்படித் திரும்பும் எண்ணிக்கை 11ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 11 பகா எண் ஆயிற்றே, வேறு வழி 1 மட்டும்தான்; ஒரே முறை இரட்டித்து 1க்குத் திரும்ப முடியாது. மற்ற பந்திகள் முதல் பந்தியையே ஓர் எண்ணால் பெருக்கியதுதான், அதனால் அவற்றிலும் அதே 11 பேர். 23 பகா எண் என்பதால் ஒரே இலையில் இரண்டு பேர் வந்து உட்காரும் குழப்பமும் இல்லை.

ஆகவே காரணியில் ஒன்றைக் கழித்தால் 11இன் மடங்கு வர வேண்டும். காரணி ஒற்றைப்படை, ஒன்றைக் கழித்தால் இரட்டைப்படை, அதனால் 22இன் மடங்கு. 23 = 22 + 1. 89 = 88 + 1. இரண்டும் பொருந்துகின்றன.

இப்போது 11ஐ எடுத்துவிட்டு 31ஐ வையுங்கள். 2147483647க்குப் பகாக் காரணி ஏதாவது இருந்தால், அதில் ஒன்றைக் கழித்தால் 62இன் மடங்காக இருக்க வேண்டும். 3, 5, 7, 11, 13 என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. அவற்றுக்கு அழைப்பிதழே கிடையாது. இதோடு இன்னொரு விதியும் உண்டு: காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரும். (இதன் காரணம் இன்னும் கொஞ்சம் நீளம். 2 அங்கே ஒரு வர்க்க எண் போல நடந்துகொள்கிறது என்பது சாரம்.) இரண்டு விதிகளையும் சேர்த்தால், காரணியை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆக மட்டுமே இருக்க முடியும்.

46340 வரைக்கும் அப்படிப்பட்ட எண்கள் சுமார் 370. அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம். 63 போயிற்று, 249 போயிற்று. முதலில் நிற்பது 311. வகுத்துப் பார்த்தால் மீதி 35 வருகிறது, ஆகவே அது காரணி இல்லை. அடுத்து நிற்பது 1303. நடுவில் ஒன்றுமே இல்லை! 4792 வகுத்தல் இருந்த இடத்தில் இவ்வளவுதான் மிச்சம். ஆய்லர் அத்தனையும் பார்த்தார், ஒன்றும் வகுக்கவில்லை. பெர்னூலி என்ற கணிதக்காரருக்கு எழுதிய கடிதத்தில் முடிவைச் சொன்னார். எண்பது ஆண்டுக்கும் மேலாக உலகுக்குத் தெரிந்த ஆகப் பெரிய பகா எண் இதுவாகவே இருந்தது.

கணினியின் 31 விளக்கும் ஆய்லரின் 31உம் ஒன்றாக இருப்பதற்குப் பின்னால் யாருடைய திட்டமும் இல்லை. பழைய 16 விளக்கு வரிசையின் உச்சம் 32767, அது 7 × 31 × 151. இப்போதைய 64 விளக்கு வரிசையில் 63 எரியும். 63 மூன்றின் மடங்கு, ஆகவே அந்த உச்சமும் 7ஆல் வகுபடும். நடுவில் வந்த 32 மட்டும் பகா எண்ணில் போய் நின்றது.

அந்தத் தற்செயலைக் கணினிக்காரர்கள் சும்மா விடவில்லை. விளையாட்டில் எந்தப் பேய் எப்போது வரும் என்பதற்குக் கணினி பகடை உருட்ட வேண்டும். அதற்குப் பந்தி வித்தையே போதும். 7ஆல் வகுத்து மீதி பார்த்துக்கொண்டு மும்மூன்றாகப் பெருக்கினால் 1, 3, 2, 6, 4, 5 என்று ஆறு பேரும் ஒரே பந்தியில் தாறுமாறான வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 7க்குப் பதில் 8 வைத்து இரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 1, 2, 4, 0, 0, 0. பகடை செத்துவிட்டது. பகா எண்ணில் பூஜ்யத்தில் விழவே முடியாது, அதே பிடிவாதம். 2147483647ஐ வைத்து 16807ஆல், அதாவது 7⁵ஆல், பெருக்கிக்கொண்டே போனால் 1, 16807, 282475249, 1622650073 என்று ஓடும். 1 முதல் 2147483646 வரை ஒருவர் விடாமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் மறுபடி 1 வரும். பார்க், மில்லர் இருவரும் 1988இல் இதைக் குறைந்தபட்சத் தரம் என்று முன்வைத்தார்கள். சி++ மொழியோடு வரும் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ரகசியக் குறியீடு எழுத இதைத் தொட வேண்டாம், நாலு எண்ணைப் பார்த்தால் ஐந்தாவதைச் சொல்லிவிடலாம். பேய் விளையாட்டுக்குத் தாராளம்.

பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதக்காரர் 1811இல் எழுதியதை நினைத்தால் இந்த இடத்தில் சிரிப்பு வரும். தன்னைத் தவிர மற்ற காரணிகளையெல்லாம் கூட்டினால் தானே வரும் எண்ணை நிறைவெண் என்பார்கள்: 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. மெர்சென் வகைப் பகா எண் ஒன்று கிடைத்தால் ஒரு நிறைவெண்ணும் கூடவே கிடைக்கும் என்பது யூக்ளிட் காலத்துச் சரக்கு. நம் எண்ணோடு வருவது 2³⁰ × 2147483647, அதாவது 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, ஏனென்றால் இவை வெறும் வேடிக்கை, பயனில்லாதவை, யார் மெனக்கெடுவார்கள் என்ற பொருளில் எழுதிவைத்தார் பார்லோ. மெனக்கெட்டார்கள். 1876இல் லூக்கா 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று கையாலேயே நிறுவினார். 157 இலக்கமுள்ள 2⁵²¹ − 1 இன்று இணையப் பாதுகாப்பில் ஒரு தரமாகவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பும் 'சாப்பிட்டாச்சா'வை வழியில் யாரும் படிக்க முடியாமல் காப்பதில் 2²⁵⁵ − 19 என்ற 77 இலக்கப் பகா எண்ணுக்குப் பங்குண்டு. இது மெர்சென் வகை இல்லை, ஆனால் பக்கத்து வீடு.

லூக்காவின் வழியை 20ஆம் நூற்றாண்டில் டெரிக் லெமர் செதுக்கிக் கொடுத்தார். வகுத்துத் தேடுவதே கிடையாது. 4இல் தொடங்கு, வர்க்கப்படுத்தி 2 கழி, மீதியை வைத்துக்கொள், திரும்பச் செய். விளக்குகளின் எண்ணிக்கையில் இரண்டு குறைவாக அத்தனை முறை செய்த பின் மீதி 0 என்றால் பகா எண், இல்லையென்றால் இல்லை. ஐந்து விளக்குக்கு, அதாவது 31க்கு, பாருங்கள். 4 → 14 → 194, அதை 31ஆல் வகுத்தால் மீதி 8 → 62, மீதி 0. மூன்றே தாவல். 2147483647க்கு 29 தாவல் போதும். 2⁶⁷ − 1க்குக் காரணி தெரியாமலே அது பகா எண் இல்லை என்று லூக்காவால் சொல்ல முடிந்ததும் இந்த வகை வித்தையால்தான்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. லூக் டூரன்ட் என்ற அமெரிக்கர் 17 நாடுகளில் பரவிய கணினிகளில் வரைகலைச் சில்லுகளை ஓடவிட்டுப் பிடித்தது. 41024320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கமாகத் தூங்காமல் வாசித்தாலும் ஏறக்குறைய 475 நாள் ஆகும். கடைசி இலக்கத்தை மட்டும் கணினி இல்லாமல் நீங்களே சொல்லிவிடலாம். 2இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று நாலுக்கொரு தரம் திரும்பும். 136279841ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே அடுக்கு 2இல் முடியும், ஒன்றைக் கழித்தால் 1. இதுபோன்ற மெர்சென் பகா எண்கள் இதுவரை 52 தெரியும். அவை முடிவில்லாமல் போகுமா, எங்காவது நின்றுவிடுமா என்று நிறுவியவர் யாரும் இல்லை.

41 மில்லியன் இலக்கத்தைக் கேட்டு மருமகன் வாயைப் பிளக்கவில்லை. அவனுக்குப் பிடித்தது வேறு. பழைய கணினிகள் நேரத்தையும் இதே 31 விளக்கில்தான் வைத்திருக்கின்றன. 1970 ஜனவரி 1 அன்று கிரீன்விச்சில் நள்ளிரவு ஆனதிலிருந்து எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டே வருகின்றன. 2147483647ஆவது நொடி சிங்கப்பூரில் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடி. பொங்கல் முடிந்த கையோடு. மாற்றாமல் விட்ட கணினிகள் அடுத்த நொடி 1901க்குப் போய்விடும். "தொடங்கினப்ப நமக்கு மணி என்ன?" என்றான். எட்டு என்று அவன் போட்ட கணக்கு தப்பு. அப்போது இங்கே மணி ஏழரை. கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் என்று ஆனது 1982இல்தான். "ஆமா, அந்தப் புதுவருசம் அரைமணி நேரம் முன்னாடியே பொறந்துச்சு" என்றார் அம்மா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பையன் விளையாட்டில் ஒரு காசுக்கு ஓர் அம்பு வாங்கினான். பையில் இப்போது 2147483646.

"இது பகு எண்ணுதானே, மாமா? இரட்டப்படை."

"உடைச்சுப் பாரு."

பழைய தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் போட ஆரம்பித்தான். 2 போயிற்று. 3 இரண்டு முறை போயிற்று. 7, 11, 31. கடைசியில் 49981இல் வந்து நின்று என்னைப் பார்த்தான். "இது பிரைமா?"

"எது வரைக்கும் பார்க்கணும்?"

கைப்பேசியில் வர்க்கமூலம் போட்டான். 223 சொச்சம். பெருமூச்சு விட்டுவிட்டு 37இல் ஆரம்பித்தான். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. 151இல் உடைந்தது.